விதிக்கோவை: வீட்டு வெப்பத்தை அளக்கும் விதிகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

சென்ற சித்திரையில் அக்கா வீட்டு மொட்டைமாடியைச் செப்பனிட்டோம். பழைய தளத்தைக் கொத்தி எடுத்துவிட்டு, நுரைப்பலகை பரப்பி, அதன்மேல் வெள்ளை ஓடு பதிக்கும் வேலை. பொருள் வாங்கிய கடையில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். ‘எரிசக்தி சேமிப்பு கட்டிடக் குறியீட்டின்படி’ என்று அதில் அச்சாகியிருந்தது. முப்பது ஆண்டுகளாகக் கரண்டி பிடிக்கும் மேஸ்திரி அதை இரண்டு முறை படித்தார். "இந்தக் குறியீட்டை எந்த இடத்தில் போட வேண்டும், சார்?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. குறியீடு என்றால் தமிழில் அடையாளம். அஞ்சல் குறியீட்டு எண், வேதியியல் குறியீடு, கவிதையில் வரும் குறியீடு எல்லாமே ஒன்றைச் சுட்ட இன்னொன்றை வைப்பவை. சுவரிலோ கூரையிலோ எதையோ வரையச் சொல்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆங்கிலத்தில் ‘பில்டிங் கோட்’ என்பதில் வரும் ‘கோட்’ என்ற சொல்லுக்கு அடையாளம், சட்டத் திரட்டு என இரண்டு பொருள் உண்டு என்பதை மறந்து, அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டதால் வந்த குழப்பம் இது. செய்தித்தாள்களிலும் இதே ‘கட்டிடக் குறியீடு’ ஓடிக்கொண்டிருக்கிறது.

‘கோட்’ பிறந்த கதையைப் பார்த்தால் குழப்பம் தீரும். லத்தீனில் ‘காடெக்ஸ்’ என்றால் மரத்தின் அடிப்பகுதி, மரக்கட்டை. கட்டையைப் பலகைகளாகப் பிளந்து, மெழுகு பூசி, எழுத்தாணியால் கீறி எழுதினார்கள் ரோமானியர்கள். பல பலகைகளைச் சேர்த்துக் கட்டியபோது அந்தக் கட்டுக்கும் அதே சொல்லின் திரிபான ‘கோடெக்ஸ்’ பெயராக நின்றது. பிறகு புத்தகத்துக்கும், சட்டங்களைத் திரட்டிய புத்தகத்துக்கும் அதுவே பெயரானது. பேரரசர் தியோடோசியஸ் 438இலும் ஜஸ்டினியன் 529இலும் வெளியிட்ட சட்டத் திரட்டுகள் இப்பெயர் பெற்றவை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் சொல்லின் பொருள் சட்டத் திரட்டுதான். கொடியாலும் விளக்காலும் செய்தி அனுப்பும் அடையாள முறைக்கு ‘கோட்’ என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில் ஏறியது. கட்டடத் துறையில் வழங்குவது பழைய பொருள். நாம் மொழிபெயர்த்ததோ புதிய பொருளை.

மெழுகுப் பலகைக் கட்டைப் பற்றிப் படிக்கும்போது தமிழருக்கு வேறொன்று நினைவுக்கு வராமல் இருக்காது. எழுத்தாணியால் கீறிய ஓலைகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்தால் சுவடி. அந்தக் கோத்தலிலிருந்து வருவது ‘கோவை’. தண்டனைச் சட்டத்தின் ‘கோட்’டுக்கு இலங்கைத் தமிழில் தண்டனைச் சட்டக்கோவை என்று நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். தமிழ்நாட்டில் சட்டத் தொகுப்பு என்கிறோம்; குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பு என்று வழக்கறிஞர்கள் சொல்வது நமக்குப் பழகிய சொல். அங்கே யாரும் ‘குற்றவியல் குறியீடு’ என்று எழுதுவதில்லை. நீதிமன்றத்துக்கு வாய்த்த நல்ல சொல் கட்டடத் துறைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எட்டுத்தொகை, கலித்தொகை என்று ‘தொகை’யும் நம்மிடம் உண்டு. ஆனால் இன்று தொகை என்றவுடன் பணம்தான் முன்னால் நிற்கிறது. விதித்தொகுப்பு பிழையில்லாத சொல். எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதலாம். என் கை விதிக்கோவை பக்கமே போகிறது. ஒரு விதியை உருவினால் மற்றவை தளர்ந்துவிடும் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. வீட்டு வெப்பத்தைப் பற்றிய விதிகள் உண்மையிலேயே அப்படிப்பட்டவை.

இந்திய அரசு வீடுகளுக்கென வெளியிட்ட கோவையின் பெயரிலும் இதே எண்ணம் இருக்கிறது. ஆற்றல் பாதுகாப்புச் சட்டம் 2001இல் வந்தது. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திர ஒட்டுத்தாள் ஒட்டவைத்த எரிசக்தித் திறன் பணியகம் 2002இல் அமைந்தது. அது 2007இல் வணிகக் கட்டடங்களுக்கு ஒரு கோவையும், 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்கு ‘ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா’வின் முதல் பகுதியும் வெளியிட்டது. சம்ஹிதா என்பது சேர்த்து வைக்கப்பட்டது என்று பொருள்படும் வடசொல். தமிழில் அது சங்கிதை என்று எப்போதோ வந்து தங்கிவிட்டது. நிவாஸ் என்பது வாழுமிடம். உணவு, உடை, உறையுள் என்று பள்ளியில் படித்தோமே, அந்த உறையுள். சூழல்நல உறையுள் கோவை என்று சொன்னால் பெயர் முழுவதும் தமிழாகிவிடுகிறது.

உறையுள் என்ற சொல் இங்கே இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. இந்த முதல் பகுதி பேசுவது சுவர், கூரை, சன்னல் ஆகியவை சேர்ந்த வெளிப்போர்வையைப் பற்றி. பொறியாளர்கள் அதைக் கட்டட உறை என்று தமிழாக்கியிருக்கிறார்கள். தலையணை உறை, வாளின் உறை போல வீட்டுக்கும் ஓர் உறை. உறை என்றால் மூடி, உறை என்றால் வாழ். தமிழில் இந்த இரண்டும் ஒரே வடிவில் வந்து நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

கோவைக்குள் என்ன கோத்திருக்கிறது? சுவரும் சன்னலும் வழியாக வீட்டுக்குள் இறங்கும் வெப்பத்தைக் கணக்கிட்டு, உறையின் ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது ஒரு விதி. குளிர்ப் பகுதிகளுக்கு மட்டும் வேறு கணக்கு. கூரை இதில் சேராது. அதற்குத் தனி வரம்பு: வெளியும் உள்ளும் ஒரு டிகிரி வேறுபட்டால், ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக்கூடாது. மேலே எதுவும் போடாத ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு இந்த எண் மூன்றுக்கு மேல். செப்பனிடுவதற்கு முன், மாலை ஆறு மணிக்கு அக்கா வீட்டு மாடி அறையில் ஸ்டூல் போட்டு ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்தால், இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லின் ஓரம் போலச் சுடும். பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் கான்கிரீட் இரவில்தான் கீழே இறக்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுழற்றிக் கொடுக்கிறது. இரண்டு அங்குல நுரைப்பலகை ஒன்றே கூரையை வரம்புக்குள் கொண்டுவந்துவிடும். அதன்மேல் வெள்ளை ஓடு, வெயிலில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்பும்.

எனக்கு மிகவும் பிடித்தது சன்னல் விதி. சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில், திறக்கக்கூடிய சன்னல், கதவு, வென்டிலேட்டரின் பரப்பு வீட்டின் கார்பெட் ஏரியாவில் 16.66 விழுக்காடாவது இருக்க வேண்டும். அதாவது ஆறில் ஒரு பங்கு. 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி. கண்ணாடி எவ்வளவு என்று இந்த விதி கேட்பதில்லை. எவ்வளவு திறக்கும் என்று கேட்கிறது. இரண்டு கதவு வைத்த ஸ்லைடிங் சன்னலை முழுவதும் தள்ளினாலும் பாதிதான் திறக்கும், ஆகவே பாதிதான் கணக்கில் வரும். கீல் வைத்த பழைய சன்னலுக்கு 90 விழுக்காடு கிடைக்கும். சன்னல் என்பதே போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். சிலப்பதிகாரம் ‘மான்கண் காலதர்’ என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்போன்ற, காற்று வரும் வழி. புதிய கோவை அளக்கச் சொல்வது காலதரைத்தான்.

இனி ‘எனர்ஜி எஃபிஷியன்சி’. எரிசக்தி என்ற சொல்லில் எரிப்பது இருக்கிறது. காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் அது ஒட்டவில்லை. ஆற்றல் போதும். எஃபிஷியன்சியைச் சிக்கனம் என்று எழுதுவதுதான் சிக்கல். சிக்கனம் என்றால் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்காருவது என்று வீட்டில் புரிந்துகொள்வார்கள். இந்த விதிகள் கேட்பது அதே குளுமையைக் குறைந்த மின்சாரத்தில் பெறுவதை. அது திறன். ‘கட்டும் செட்டுமாக’ குடும்பம் நடத்துகிறாள் என்று பாட்டிகள் சொல்லும்போது, வயிற்றைக் கட்டுகிறாள் என்று பொருள் இல்லை. இருப்பதை வீணாக்காமல் எல்லோருக்கும் நிறைவாகப் பரிமாறுகிறாள் என்று பொருள். ஆற்றல்திறனுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கட்டிடமா கட்டடமா என்று கேட்பவர்களுக்கு: எழுப்பப்பட்டது கட்டடம். கட்டுகிற இடத்தைச் சொன்னால் கட்டிடம்.

புதுப்பிக்கும் வேலைக்கு மராமத்து என்ற அரபுவழிச் சொல் குடிமராமத்து வரை வேரோடிவிட்டது. செப்பனிடுதல் என்ற தமிழ்ச்சொல்லும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மனியில் பழைய வீட்டின் வெளிச்சுவரிலோ கூரையிலோ பத்தில் ஒரு பங்குக்கு மேல் செப்பனிட்டால், அந்தப் பகுதி இன்றைய வெப்ப வரம்புக்கு உட்பட்டாக வேண்டும். நம் உறையுள் கோவையின் 2018 பகுதி, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கானது. சென்னைக் கணக்கில் ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டு. மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் அது கட்டாயமாகும். ஆற்றல் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் குடியிருப்புகளையும் அச்சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதுவும் 100 கிலோவாட் இணைப்புச் சுமையுள்ள பெரிய கட்டடங்களிலிருந்து தொடங்குகிறது. அக்கா வீடு எந்தக் கணக்கிலும் வராது.

மேஸ்திரியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "குறியீடு இல்லை, அது விதிக்கோவை. கூரை எவ்வளவு சூட்டை உள்ளே விடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றேன். "அப்படியானால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடுக்கு விடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, அதுவரை பரப்பியிருந்த இரண்டு வரிசையையும் பெயர்த்து மறுபடி நெருக்கி வைத்தார்.