கை கழுவும்போதுதான் வயிறு பேசும்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். பாயசம் இன்னொரு கரண்டி வாங்கி, அதில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டு, மோர்ச்சோற்றையும் விட மனமில்லாமல் முடித்து, இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போகும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் மூச்சு முட்டும். கொஞ்ச நேரம் முன்னால் இதே வயிறு ஏன் ஒன்றும் சொல்லவில்லை? சொல்லிக்கொண்டேதான் இருந்தது, மூளைக்குப் போய்ச் சேரத்தான் நேரம் பிடித்தது. எடை குறைக்க நினைக்கிறவர்கள் கலோரிக் கணக்குக்கு முன்னால் இந்தத் தாமதத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் எண்ணம்.

"போதும்" என்று மூளைக்குப் போகும் செய்தி ஒன்றல்ல, பல. முதலில் போவது இரைப்பைச் சுவர் விரியும் செய்தி. அங்குள்ள நரம்பு நுனிகள் வேகஸ் நரம்பு வழியாக அதை மூளைத்தண்டுக்கு அனுப்புகின்றன. இது வேகமாகப் போகும், ஆனால் எவ்வளவு இடம் நிறைந்தது என்று மட்டும்தான் இதற்குத் தெரியும், நிறைத்தது வெண்டைக்காயா வடையா என்று தெரியாது. அப்புறம் சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் இறங்கி, அதில் உள்ள கொழுப்பும் புரதமும் பட்டதும் அங்கே கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கும். இரைப்பை காலியாவதை அது மெதுவாக்கும். குடலில் இன்னும் கீழே போனால், பசியை அடக்கும் ஜிஎல்பி-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் நிறைய இருக்கின்றன. ரத்தத்தில் கலந்த ஜிஎல்பி-1-இல் பாதி இரண்டே நிமிடத்தில் சிதைந்துவிடும். அதே வேலையைச் செய்துகொண்டு நாள்கணக்கில் உடம்பில் தங்கும்படி உருவாக்கியதுதான் எடை குறைக்க என்று இப்போது எல்லோரும் பேசும் செமாக்ளூடைடு ஊசி. இந்தச் செய்திகளெல்லாம் சேர்ந்து "சரி, போதும்" என்ற உணர்வாக மாறக் கால் மணி, இருபது நிமிடம் ஆகிவிடுகிறது.

நான் பல வருடம் அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து எட்டு நிமிடத்தில் மூடிக்கொண்டிருந்தேன், கண் போனில் இருக்கும், கை பாட்டுக்கு வாய்க்குப் போய்க்கொண்டிருக்கும். எட்டு நிமிடத்தில் முடிக்கிறவனுக்கு எந்த ஹார்மோன் வந்து என்ன சொல்ல முடியும்? "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று பெரியவர்கள் சொன்னதில் செரிமானம் மட்டுமல்ல, இந்த நேரக் கணக்கும் இருக்கிறது.

இதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை நான்கு வாரம் தங்க வைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தது. இரண்டிலும் தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம். 2019-ல் வெளியான முடிவின்படி, பதப்படுத்திய உணவில் ஒவ்வொருவரும் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. அந்த உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேண்டிய வேலை குறைந்தால் கை வேகமாகிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வேறு ஒன்று. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் 1999-ல் செய்தது. கோழியும் காயும் அரிசியும் சேர்ந்த ஒரு பதார்த்தத்தை, 24 பெண்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நாள் அப்படியே கொடுத்தார், ஒரு நாள் பக்கத்தில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு கொடுத்தார், ஒரு நாள் அதே தண்ணீரை அதிலேயே ஊற்றி சூப்பாக்கிக் கொடுத்தார். சூப் குடித்த நாளில் மட்டும் அவர்கள் பின்னால் வந்த சாப்பாட்டைச் சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். தனியாகக் குடித்த தண்ணீர் இரைப்பையிலிருந்து சீக்கிரம் வழிந்து இறங்கிவிடும், காயோடும் சோற்றோடும் கலந்த தண்ணீர் தங்கும்.

நம் சமையலில் இதற்கு எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. தெளிந்த ரசம் தண்ணீர் மாதிரி இறங்கிவிடும். பாசிப்பருப்பும் சுரைக்காயோ சௌசௌவோ போட்ட கூட்டு அப்படியல்ல, தண்ணீர், நார், புரதம் மூன்றும் ஒரே கிண்ணத்தில் இருக்கிறது. நாம் செய்யும் ஒரே தப்பு அதைத் "தொட்டுக்கொள்ள" என்று ஒரு ஸ்பூன் ஓரத்தில் வைப்பது. அதையே முதலில் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வந்தால், மேலே சொன்ன செய்திகள் கிளம்ப நேரம் கிடைக்கும், ரத்தச் சர்க்கரையும் நிதானமாக ஏறும்.

பட்டினி கிடப்பதை நான் எதிர்ப்பதற்கும் காரணம் ஒரு ஹார்மோன்தான். உடம்பின் கொழுப்புச் சேமிப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது லெப்டின், 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும், பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்ளும். மெல்பர்னில் பத்து வாரம் கடுமையாகப் பத்தியம் இருந்து எடை குறைத்தவர்களுக்கு, ஒரு வருடம் கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது.

என் அக்கா இரண்டு மாதம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டு ஆறு கிலோ குறைத்தாள், அடுத்த தீபாவளிக்குள் அத்தனையும் திரும்பி வந்தது. "எனக்குத்தான் வாய்க்கட்டு இல்லைடா" என்று கண் கலங்கினாள். உன் வாய் இல்லை அக்கா, உன் மூளை பஞ்சத்துக்குப் பயந்திருக்கிறது என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. இப்போது ஏழரை மணிக்குச் சாப்பிட உட்காருகிறாள், டிவியை அணைத்துவிட்டு. சோற்றுப் பானையைத் திறப்பதற்குள் கூட்டுக் கிண்ணம் காலியாகியிருக்கும்.