நிறத்தை நம்பிப் பெயர் சொல்லாதீர்கள்

பங்குனி பிறந்தால் டெல்டாவில் சம்பா அறுத்த தாளடியில் உளுந்தும் பயறும் பூத்து நிற்கும். படுகையில் எருக்கு பூத்துக் கிடக்கும். வண்ணத்துப்பூச்சி பார்க்கப் பழக நல்ல பருவம் இது. காலை ஏழரையிலிருந்து பத்தரைக்குள் போய்விடுங்கள். அப்போதுதான் இறக்கையை விரித்து வெயில் காயும். உச்சி வெயிலில் நிழலுக்குள் ஒதுங்கிவிடும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது நிறத்தில்தான். எருக்கைச் சுற்றும் ஆரஞ்சுப் பூச்சியை உடனே வெந்தய வரியன் என்று எழுதிவிடுகிறோம். அதே ஆரஞ்சு, அதே கறுத்த முனை, அதே வெள்ளைப் பட்டையோடு டனாய்ட் எக்ஃப்ளை என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் பெண்ணும் பறக்கும். பின்னிறக்கையைப் பாருங்கள். நடுவில் மூன்று கரும்புள்ளி இருந்தால் பெண் வரியன், நான்கென்றால் ஆண். மேல்விளிம்பை ஒட்டி ஒரே புள்ளி என்றால் எக்ஃப்ளை. வரியனின் புழு எருக்கிலையைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை கொத்திய பறவை மறுபடி தொடத் தயங்கும். பருப்புக்கீரை தின்று வளரும் எக்ஃப்ளைக்கு அந்த நஞ்சு இல்லை, வரியனின் வேடமே காவல்.

கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் பெண்ணில் ஒரு வகையும் இப்படித்தான். ரோஜா அழகி என்ற வேறொரு பூச்சி போலவே கறுப்பு இறக்கை, சிவப்புத் திட்டு, வால். ஆனால் ரோஜா அழகியின் உடம்பு சிவப்பு, இதன் உடம்பு கறுப்பு. தேன் குடிக்க உட்காரும்போது பக்கவாட்டில் பார்த்தால் சந்தேகமே வராது.

உளுந்து வயலில் பறக்கும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளை இறக்கை மூடிய பிறகே அடையாளம் காண முடியும். அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு அலைக்கோடும் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டையும் இருந்தால் பீ புளூ. அந்தப் பட்டை இல்லாமல், பின்னிறக்கையின் முன்விளிம்பருகே இரண்டு கரும்புள்ளி தெரிந்தால் கிராம் புளூ. அதனால் இறக்கை விரித்து ஒன்று, மூடி ஒன்று என இரண்டு படம் எடுங்கள். உங்கள் நிழல் பூச்சிமேல் விழுந்தால் பறந்துவிடும். உட்கார்ந்த செடியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கையால் பிடிக்க வேண்டாம், இறக்கைச் செதில் உதிரும்.

எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம்போல ஒட்டியிருப்பது பெரும்பாலும் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. அடுத்த கட்டத்தில் பச்சையாகும். அதைக் கண்டதும் மருந்தடிக்காதீர்கள், இரண்டு கிளை இலை போனாலும் கன்று மறுபடி துளிர்க்கும். வரப்பு எருக்கை வெட்டுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையும் முதுகில் மூன்று ஜோடிக் கருங்கொம்பும் உள்ள வரியன் புழு இருந்தால், அந்த ஒரு செடியை மட்டும் நான்கு வாரம் விட்டுவையுங்கள்.