டேப் வாங்கும்போது பசையைப் பாருங்கள்

வீட்டு ஸ்டுடியோவுக்கு ரீல் டெக் (ரீலில் சுற்றிய காந்த டேப்பில் ஒலியைப் பதியும் கருவி) வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது, 'எந்த டேப்பில் ஒலி நன்றாக இருக்கும்?' என்றுதான். நான் அதற்கு முன்னால் பசையைப் பார்க்கச் சொல்வேன்.

டேப் என்பது பாலியெஸ்டர் நாடாவின் மேல், இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பசையில் குழைத்துப் பூசியது. 1928-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளோய்மர் காகிதத்தில் இரும்புத்தூளை ஒட்டிக் காப்புரிமை பெற்றார்; அடிப்படை யோசனை இன்றும் அதேதான். துகள்கள் ஊசி வடிவிலானவை, நீளம் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. பூச்சு காய்வதற்குள் காந்தப்புலத்தைக் காட்டி அவற்றை நாடாவின் நீளவாக்கில் திருப்பிவிடுவார்கள். பெருமணலில் விரலால் இழுத்த கோடும் மாவில் இழுத்த கோடும் ஒன்றாகவா இருக்கும்? துகள் பொடியாகவும் சீராகவும் இருந்தால் பின்னணியில் கேட்கும் 'ஸ்ஸ்' இரைச்சல் குறையும்.

மேற்பரப்பின் வழவழப்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓடும் டேப்பில், 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 38 மைக்ரான் நீளத்தில் பதிகிறது. கேசட்டின் வேகம் 4.76 செ.மீ.தான், அதே அலை அங்கே 5 மைக்ரானுக்குள் அடங்கிவிடுகிறது. இப்போது ஒரு தூசி, டேப்பை ஹெட்டிலிருந்து (டேப் உரசிச் செல்லும், ஒலியைப் பதியும் அல்லது படிக்கும் பகுதி) ஒரே ஒரு மைக்ரான் தூக்கிவிட்டது என்று வையுங்கள். ரீலில் அந்த ஒலியின் அளவில் ஏறத்தாழ ஒன்றரை டெசிபல் போகும். கேசட்டில் 11 டெசிபலுக்கு மேல் போய்விடும்! டிரம்ஸில் தட்டும் சிம்பலின் மினுமினுப்பு சட்டென்று மங்குவது இப்படித்தான்.

அடுத்தது தடிமன். வழக்கமான ஸ்டுடியோ டேப் சுமார் 50 மைக்ரான். 35 மைக்ரான் டேப்பைச் சுற்றினால் ஒரே ரீலில் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் மெல்லிய டேப்பில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றில் எளிதாக ஒட்டிக்கொள்ளும். பாட்டு தொடங்குவதற்கு முன்பே முதல் வரி மெலிதாகக் கேட்பது அதனால்தான்.

டேப் மட்டும் நல்லதாக இருந்தால் போதாது, டெக்கும் அதற்கு ஒத்துவர வேண்டும். இசையோடு சேர்த்து, காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஒன்றையும் பதிவு ஹெட்டுக்குக் கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் பயாஸ். துகள்களின் தயக்கத்தை உடைத்து, சிறிய ஒலியையும் உள்ளபடி பதியச் செய்வது இதுதான். ஒவ்வொரு வகை டேப்புக்கும் இதன் அளவு மாறும். அளவு குறைந்தால் ஒலி கரகரக்கும், கூடினால் உச்ச ஸ்வரங்கள் மங்கும். அதிக ஒலி அளவைத் தாங்கும் டேப்புக்குப் பயாஸும் அதிகம் வேண்டும். சில பழைய வீட்டு டெக்குகளால் அவ்வளவு தர முடியாது. அதனால் டெக்கின் கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள். வகை மாற்றினால் பயாஸையும் மாற்றிச் சரிசெய்ய வேண்டும்.

சரி, பசைக்கு வருவோம். 1970-களிலும் 80-களிலும் வந்த பல டேப்புகளின் பாலியூரிதேன் பசை, காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகிவிட்டது. ஓடவிட்டால் கிறீச்சிடும், ஹெட்டில் பழுப்பாகப் படியும். பழைய பதிவுகளை மீட்க அப்படிப்பட்ட டேப்பைச் சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து, தற்காலிகமாகத் தேற்றி, பிரதி எடுக்கிறார்கள். (பாலியெஸ்டருக்குப் பதிலாக அசிட்டேட் நாடாவில் செய்த பழைய டேப்பை இப்படிச் சூடாக்கவே கூடாது. ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அசிட்டேட்டில் வெளிச்சம் ஊடுருவும், பாலியெஸ்டரில் ஊடுருவாது.) புதுப் பதிவுக்கு அந்தக் காலத்துப் பழைய டேப் வேண்டவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

புது டேப் வாங்கினாலும், பாடுபவரை மைக் முன் நிறுத்துவதற்கு முன் ஒரு ரீலை முழுக்க ஓடவிடுங்கள். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடைத்துப் பாருங்கள். பஞ்சு வெள்ளையாகவே வந்தால் பதிவைத் தொடங்கலாம்.