உவர் நிலத்துக் கடுகு: காயைப் பிளந்து பாருங்கள்

உவர் நிலச் சோதனைத் திடலில் ஒரு வரிசைக் கடுகு மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. பக்கத்து வரிசைகளில் இலை ஓரம் கருகி, பாதிச் செடிகள் செத்திருந்தன. தேடியது கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அறுவடை நெருங்கியபோது ஒரு காயை நகத்தால் பிளந்தேன். பத்துப் பன்னிரண்டு கடுகு மணி இருக்க வேண்டிய இடத்தில் நாலே நாலு. அதிலும் இரண்டு உள்ளீடில்லாத சாவி. உப்பில் பிழைக்கிற செடியெல்லாம் உப்பில் விளைவதில்லை.

உப்பு செடியை இரண்டு வழியில் தாக்குகிறது. முதலில், மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாமல் போகிறது. பிறகு சோடியம் இலையில் சேர்ந்து பொட்டாசியத்தின் வேலையைக் கெடுக்கிறது. தாங்கும் செடிகள் சோடியத்தை வேரிலேயே மறிக்கின்றன, அல்லது செல்லுக்குள் இருக்கும் குமிழ்ப்பையில் அடைத்துவிடுகின்றன. இதற்குச் செலவாகும் ஆற்றல் மணிக்குப் போக வேண்டியது. அதனால்தான் தாங்கும் செடியை நல்ல விளைச்சல் ரகத்தோடு இனக்கலப்பு செய்து, தலைமுறை தலைமுறையாக உவர் மண்ணிலேயே வளர்த்து, மணியின் எடையைப் பார்த்துப் பொறுக்குகிறோம். நாலடி தள்ளினால் உப்பின் அளவே மாறிவிடும் மண் அது. செடி நன்றாக விளைந்தது அதன் குணத்தாலா, நின்ற இடத்தாலா என்று தெரிய ஒரே வரிசையின் விதையைப் பல இடங்களில், பல பருவங்களில் விதைத்தாக வேண்டும். அவசரப்பட்டால் தவறான செடி தேறிவிடும்.

ஹரியானாவின் கர்னாலில் 1969 முதல் இயங்கும் மத்திய மண் உவர்தன்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் சிஎஸ் 52, 54, 56, 58, 60 ஆகிய கடுகு ரகங்கள் இத்தகைய பொறுமையான உழைப்பில் வந்தவை.

ஆனாலும் விதை வாங்கும் முன் மண்ணைப் பரிசோதியுங்கள். வெள்ளை பூத்த நிலமெல்லாம் ஒன்றில்லை. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டி, கார அமில நிலை (pH) 8.5க்குக் கீழே இருந்தால் உவர். கார அமில நிலை 8.5ஐத் தாண்டி, சோடியமும் மிகுந்திருந்தால் களர். களருக்கு ஜிப்சம் வேண்டும். உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். அங்கே ஜிப்சம் கொட்டுவது வீண் செலவு. 'உப்பைத் தாங்கும்' என்று மட்டும் சொல்லி விதையை நீட்டினால், எத்தனை டெசிசைமன் வரை என்று கேளுங்கள்.

எந்த ரகமானாலும் முளைக்கும் நாட்களில் உப்புக்கு எளிதில் பலியாகும். விதைப்பதற்கு முன்பே ஒரு நல்ல தண்ணீர் கட்டி, மேல்மண்ணின் உப்பைக் கீழே இறக்கிவிடுங்கள்.