ஏசியில் ஐஸ் கட்டினால் காஸ் அடிக்க அவசரப்பட வேண்டாம்

தை, மாசியில் பெரும்போக வெட்டுத் தொடங்கினால் இரணைமடுவுக்குக் கீழே பரந்தன், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் ஏசி வேலைக்காரருக்கு வருகிற அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "ராத்திரி நல்லாக் கூல் ஆச்சு. விடிய எழும்பிப் பாத்தா காத்தே வரேல்லை, உள்ளுக்கை ஐஸ் கட்டிக் கிடக்கு." போகிறவர் அவுட்டோர் யூனிட்டில் பிரஷர் அளக்கிற கேஜைப் பூட்டுவார். ஊசி கீழே நிற்கும். "அண்ணை, காஸ் குறைஞ்சு போச்சு. கொஞ்சம் அடிச்சுவிட்டாச் சரி." அடிப்பார், காசு வாங்குவார், போவார். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் திரும்பவும் ஐஸ்.

ஐஸ் கட்டியிருக்கும்போது கேஜ் காட்டுவது பொய்க்கணக்கு. உள் யூனிட்டில் இருக்கிற குழாய்ச் சுருளான கொயிலுக்குள் போகிற காஸ் அறையின் சூட்டை வாங்கித்தான் கொதித்து ஆவியாகிறது. கொயிலை ஐஸ் மூடிவிட்டால் சூடு உள்ளே போகாது, காஸ் சரியாகக் கொதிக்காது, பிரஷர் விழும். ஆர்-410ஏ என்கிற வகைக் காஸ் கொயிலுக்குள் 0 பாகை செல்சியசில் இருந்தால் கேஜ் ஏறத்தாழ 101 பிஎஸ்ஐ (பிரஷரின் அலகு) காட்டும். ஆர்-32 என்றால் 103, பழைய ஆர்-22 என்றால் 58. நன்றாக ஓடுகிற ஆர்-410ஏ ஏசி வழமையாக 115 முதல் 140 வரை நிற்கும். ஐஸ் மூடிய ஏசியிலோ ஒரு கிராம் காஸும் குறையாமலே 80, 90 என்று காட்டும். அதை நம்பி மேலதிகமாக அடித்த காஸ், ஐஸ் கரைந்த பிறகு ஆவியாகாமல் திரவமாகவே, காஸை அமுக்கித் தள்ளுகிற கொம்பிரஷருக்குத் திரும்பி எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும். கொம்பிரஷர் போவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

காஸ் என்பது மோட்டார் சைக்கிள் பெற்றோல் போல ஓட ஓடத் தீருகிற சாமான் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. "வருசத்துக்கு ஒருக்கா காஸ் அடிக்கத்தானே வேணும்" என்று யாராவது சொன்னால் ஓட்டையை அவர் தேடவில்லை என்றுதான் அர்த்தம்.

ஐஸைக் கரைப்பதற்கு முதல் அதைப் பார்க்க வேண்டும். முன் மூடியைத் தூக்கி, பில்டரைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பாருங்கள். கொயில் முழுக்க ஒரே அளவாக வெள்ளை படர்ந்து, வெளியே தடித்த குழாயிலும் ஐஸ் ஏறி கொம்பிரஷர் வரைக்கும் போயிருந்தால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைவு. கொயிலில் மெல்லிய குழாய் நுழைகிற பக்கம் மட்டும் ஒரு பட்டையாக ஐஸ் இருந்து, மிச்சம் காய்ந்து சூடாகக் கிடந்தால் காஸ் குறைவையோ அடைப்பையோ சந்தேகிக்கலாம். சுவர் ஏசிகள் பலவற்றில் காஸின் பிரஷரை இறக்குகிற மிக மெல்லிய கப்பிலரி குழாய் அவுட்டோர் யூனிட்டுக்குள்ளேயே இருப்பதால், காஸ் குறைந்தால் வெளியே மெல்லிய குழாய் பூட்டியிருக்கும் வால்விலும் வெண்பனி பூக்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்தால் வேலைக்காரர் வரும்போது காட்டலாம். அதற்குள் ஐஸ் கரைந்திருக்கும்.

பிறகு ரிமோட்டில் கூல் மோடை விட்டு, பேன் மோடில் வேகத்தைக் கூட்டி 2, 3 மணித்தியாலம் ஓட விடுங்கள். கீழே துவாயும் வாளியும் வையுங்கள், தண்ணி நிறைய வரும். பலர் செய்கிற பிழை, பத்து நிமிசம் நிற்பாட்டிவிட்டுத் திரும்பக் கூலில் போடுவது. அரைகுறையாகக் கரைந்த தண்ணி தகடுகளுக்கிடையில் கண்ணாடி போல இறுகிவிடும், முந்தியதைவிட மோசம். கத்தி, ஸ்குரூட்ரைவர் கொண்டு ஐஸைக் குத்தக் கூடாது. அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் இருக்கிற செப்புக் குழாய் மெல்லியது.

வன்னியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தூசி. சோளகக் காலத்தில் செம்மண் புழுதி, வெட்டு மெசின் இறங்கினால் உமித்தூசியும் பதரும், அரிசி ஆலைப் பக்கம் என்றால் வருசம் முழுக்கத் தவிடு. பில்டரை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வலைக்கண் ஊடாக வெளிச்சம் தெரியாவிட்டால் காற்றும் போகாது. வெட்டுக் காலத்திலும் புழுதிக் காலத்திலும் இரண்டு கிழமைக்கு ஒருக்கா, மற்ற நாளில் மாதம் ஒருக்கா, தண்ணியில் கழுவி நிழலில் காய வைத்துப் போட்டால் போதும்.

பில்டர் துப்புரவாக இருந்தும் ஐஸ் கட்டினால் காற்றைத் தள்ளுகிற புளோவரைப் பாருங்கள். சேவிஸ் என்ற பெயரில் பில்டரையும் முன்பக்கக் கொயிலையும் கழுவிவிட்டுப் போகிறவர்கள் தொடாமல் விடுகிற இடம் இது. காற்று வெளியே வருகிற வாயால் டோர்ச் அடித்தால் உருளை போன்ற சக்கரம் தெரியும். அதன் ஒவ்வொரு இதழும் சிறு கரண்டி போலக் குழிந்திருக்க வேண்டும். குழிக்குள் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி அழுக்கு அப்பியிருந்தால், மோட்டார் முழு வேகத்தில் சுற்றினாலும் சக்கரம் காற்றை அள்ளாது. கழற்றி ஊற வைத்து, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். நிற்கிற இடத்திலேயே ஸ்ப்ரே அடிப்பது பாதி வேலை. கொயிலைக் கழுவக் குறைந்த அழுத்தப் பம்ப் போதும். கார் கழுவுகிற பம்ப் தகடுகளை மடக்கிவிடும், மடங்கிய தகட்டுக்குள் காற்று புகாது. அசிட் கலந்த துப்புரவுத் திரவம் எதையும் ஊற்ற வேண்டாம். கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்புப் படிவு கூடின இடங்களில், கடைசி அலசலுக்கு மழைத்தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ நல்லது.

மோட்டாரே மெதுவாகச் சுற்றுவது அடுத்த காரணம். பழைய வகை ஏசியில் பேன் மோட்டாருக்கு 1 முதல் 2 மைக்ரோபரட் வரையான ஒரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். அது வலுவிழந்தால் சத்தமில்லாமல் வேகம் குறையும். விலை மலிவு, மீற்றரில் அளந்து மாற்றிவிடலாம். டிரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில் இருக்கிற வீடுகளில் பொழுதுபட்ட நேரம் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200க்குக் கீழே இறங்கினாலும் இதே கதைதான். பகலில் சரியாக ஓடி இரவில் மட்டும் ஐஸ் கட்டினால் இரவு நேரத்து வோல்டேஜை அளந்து பாருங்கள்.

இரவில் மட்டும் ஐஸ் கட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மார்கழி, தையில் வெளியே 22 பாகைக்கு இறங்கியிருக்கும். உள்ளே 16இல் வைத்து, பேனைக் குறைத்து, போர்வையால் இழுத்து மூடிக்கொண்டு படுத்தால் சூடு எங்கிருந்து வரும்? இன்வேட்டர் இல்லாத ஏசி நிற்காமல் ஓடி உறைந்துவிடும். 24 முதல் 26 வரை வைத்து பேனை நடு வேகத்தில் விடுங்கள். பழுதே இல்லாத ஏசியை வேலைக்காரரிடம் காட்டுகிற செலவு மிச்சம்.

கொயில் சென்சரையும் மறக்க வேண்டாம். கொயில் உறைகிற அளவுக்குக் குளிர்ந்தால் கொம்பிரஷரை நிறுத்துவது அதன் வேலை. கழுவியபோது கவ்வியிலிருந்து விழுந்து தொங்கிக்கொண்டிருந்தால் அறைச் சூட்டைத்தான் அது வாசிக்கும். 10 கிலோ ஓம் வகையாக இருந்தால் மீற்றரில் அளக்கும்போது 25 பாகையில் 10 கிலோ ஓம், ஐஸ் போட்ட தண்ணிக் கிளாசுக்குள் 27 முதல் 33 வரை காட்ட வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, ஐஸ் முழுக்கக் கரைந்து, 15, 20 நிமிசம் ஓடிய பிறகும் பிரஷர் கீழே நின்றால்தான் காஸைப் பற்றிக் கதைக்கலாம். முதலில் பார்ப்பது குழாய் நட்டுகள்: எண்ணெய்க் கசிவு படிந்த புழுதி கறுப்பாக ஒட்டியிருந்தால் ஓட்டை அங்கேதான். சவர்க்கார நுரை போட்டால் குமிழி காட்டும். முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் அவுட்டோர் யூனிட்டில் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரில் உப்பு தின்ற குழாய் வளைவுகளையும் பாருங்கள். (கண்டென்சர் வெறுமனே அழுக்காக இருப்பது ஐஸுக்குக் காரணம் அல்ல, அது பிரஷரைக் கூட்டும், கரண்டைக் கூடுதலாக இழுக்கும்.) சந்தேகம் தீர நைதரசன் அடித்து 300 பிஎஸ்ஐக்கு மேல் நிறுத்தி, பிரஷர் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நைதரசன் இல்லை என்று ஒட்சிசன் அடிப்பவரை உடனே நிறுத்துங்கள்: எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

ஓட்டையை அடைத்த பின் வக்கூம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி, 500 மைக்ரோனுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, பெயர்த்தகட்டில் இருக்கிற கிராம் அளவைத் தராசில் நிறுத்து அடிக்க வேண்டும். ஆர்-410ஏ கலவைக் காஸ் என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும். ஆர்-32 தீப்பிடிக்கக் கூடியது. மூடிய அறைக்குள் திறந்துவிடவோ, காஸ் இருக்கும்போது வெல்டிங் டோர்ச் பிடிக்கவோ கூடாது. பழைய காஸை மீட்டு எடுத்து நிறுக்கும்போது முழு அளவும் வந்துவிட்டதென்றால் ஓட்டை இல்லை, கப்பிலரியிலோ அதன் வடிகட்டியிலோ அடைப்பு.

பலநாள் படகு, சுற்றுலாப் படகுகளின் கபின் ஏசியிலும் கணக்கு இதேதான், ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே சூட்டை எடுப்பது கடல்தண்ணி. கடல்தண்ணி வடிகட்டியில் பாசி அடைத்தால் ஏசி பிரஷர் கூடி நின்றுவிடும், ஐஸ் கட்டாது. ஆகவே கபினில் ஐஸ் என்றால் தண்ணிப் பம்பைக் கழற்ற முதல் காற்று வருகிற வலையையும், பங்க் கட்டிலுக்குக் கீழே நசுங்கிக் கிடக்கிற காற்றுக் குழாயையும் பாருங்கள். மேல்மூடி திறந்தபடி ஓடினால் ஈரக் காற்று உள்ளே வந்து ஐஸைக் கூட்டும். சூடாக்கும் மோட் உள்ள கபின் ஏசி என்றால் அதைக் கொஞ்ச நேரம் போட்டாலே ஐஸ் கரைந்துவிடும்.

வேலை முடிந்ததும் உள்ளே இழுக்கிற காற்றையும் வெளியே தள்ளுகிற காற்றையும் தெர்மோமீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 8 முதல் 12 பாகை இருந்தால் நல்லது. திகதி, அடித்த காஸின் கிராம், பிரஷர் மூன்றையும் அவுட்டோர் யூனிட்டின் பக்கத் தகட்டில் மார்க்கரால் எழுத வையுங்கள். அடுத்த முறை "காஸ் குறைஞ்சு போச்சு" என்று வருகிறவருக்கு அதைக் காட்டலாம்.