ஆக்சிஜனை எண்ணும் பெயின்ட்

சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் பலூன் போல உப்பிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் காதும் அடைத்துக்கொள்ளும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. இந்த வித்தியாசத்தை வெளிச்சமாக மாற்றிக் காட்டும் பெயின்ட் ஒன்று இருக்கிறது. காற்றுச் சுரங்கத்தில், அதாவது காற்றை வேகமாக ஓடவிடும் சோதனைக் கூடத்தில், சோதிக்கும் விமான மாதிரிகளின் மேல் அதைப் பூசுகிறார்கள்.

இறக்கையில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று அறிய, மாதிரியில் ஊசித்துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் மெல்லிய குழாய் இணைப்பது பழைய முறை. நூறு துளை போட்டாலும், இரண்டு துளைகளுக்கு நடுவே நடப்பது தெரியாது. மெல்லிய இறக்கை நுனியில் குழாய் நுழையவே இடமிருக்காது. பெயின்டோ பூசிய இடமெல்லாம் அளக்கும்.

உண்மையில் அது அழுத்தத்தை அளப்பதில்லை, ஆக்சிஜனை அளக்கிறது. அதில் கலந்திருப்பது பெரும்பாலும் பிளாட்டினம் சேர்ந்த போர்ஃபைரின். நம் ரத்தத்தில் இரும்பைப் பிடித்துவைத்திருப்பதும் இதே வகை வளைய மூலக்கூறுதான். புற ஊதா ஒளியோ நீல ஒளியோ பட்டால் இந்த மூலக்கூறு ஆற்றலை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, சிவப்பு ஒளியாக விடுகிறது. அந்த இடைவெளி சில பத்து மைக்ரோ விநாடிகள்தான். அதற்குள் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதிவிட்டால், ஆற்றலை அதுவே பறித்துக்கொள்ளும், ஒளி வராது. பூச்சின் பாலிமர் ஆக்சிஜனை உள்ளே விடக்கூடியது. அழுத்தம் கூடினால் உள்ளே ஆக்சிஜன் கூடும், பூச்சு மங்கும். அழுத்தம் குறைந்தால் பளிச்சிடும். ஆக்சிஜன் ஒளியை அணைக்கும் இந்தக் குணத்தை ஜெர்மன் வேதியியலாளர் ஹான்ஸ் கவுட்ஸ்கி 1930களிலேயே ஆராய்ந்தார். காற்றுச் சுரங்கத்துக்குள் அது வந்தது 1980களில். சோவியத் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினரும் தனித்தனியாகக் கொண்டுவந்தார்கள்.

பூச்சு எங்கும் ஒரே கனத்தில் இருக்காது, விளக்கொளியும் சீராக விழாது. அதனால் காற்று ஓடாதபோது ஒரு படம், ஓடும்போது ஒரு படம் எடுத்து, புள்ளிக்குப் புள்ளி வகுக்கிறார்கள். இரண்டிலும் பொதுவாக உள்ள கோளாறுகள் அடிபட்டுப் போகும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, இந்தப் பெயின்ட் பூசிய தகட்டைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால்? வழக்கமான பூச்சு என்றால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒளிரும். ஆனால் அங்கே ஏழெட்டு டிகிரி குளிரும் அதிகம். ஒரு டிகிரி குறைந்தாலே ஒளி சுமார் 1 சதவீதம் கூடிவிடும். கூடிய வெளிச்சத்தில் உயரத்தின் பங்கு எது, குளிரின் பங்கு எது?

ஒலி வேகத்தை ஒட்டிய சோதனைகளில் இறக்கையின் மேல் அழுத்தம் பெரிதாக மாறுவதால் இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் பேருந்தின் முகப்பில் காற்று ஏற்படுத்தும் கூடுதல் அழுத்தமோ, மலையில் வெறும் 40 மீட்டர் இறங்கும் அளவுதான். அரை சதவீதம்கூட இல்லை. அரை டிகிரி வெப்பம் மாறினாலே அது மறைந்துவிடும். அதனால்தான் குறைந்த வேகச் சோதனைகள் இந்த முறைக்குக் கடினம். இதற்காக, ஆக்சிஜனைக் கண்டுகொள்ளாமல் வெப்பத்துக்கு மட்டும் மாறுகிற இன்னொரு சாயத்தையும் சேர்த்து, வேறு நிறத்தில் ஒளிர வைக்கிறார்கள். ஒரு நிறம் வெப்பநிலையைச் சொல்ல, அதைக் கழித்துவிட்டு மற்றதில் அழுத்தத்தைப் படிக்கலாம்.