கார்டியாக் செஃபலால்ஜியா: நெஞ்சில் கிளம்பித் தலையில் வந்து நிற்கும் வலிக்குத் தமிழில் என்ன பேர்?

சித்தப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைலில் இருந்த ஒரு வரிதான் இதை எழுத வைத்தது. டாக்டர் கையெழுத்தில் ‘கார்டியாக் செஃபலால்ஜியா’ என்று இருந்தது. சித்தப்பா ஏழாவது வரை படித்தவர், மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்குக் கிட்டங்கியில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். அவர் கேட்டது ரெண்டே கேள்வி. “இதுக்குத் தமிழ்ல என்னடா பேரு? தலவலின்னு போனா எதுக்கு நெஞ்சுல குழாய் விடணும்ங்கிறாய்ங்க?”

இரண்டுக்கும் பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சொல் கிரேக்கம். ‘கார்டியா’ என்றால் இதயம், ‘கெஃபலே’ என்றால் தலை, ‘அல்கோஸ்’ என்றால் வலி. கெஃபலே, அல்கோஸ் இரண்டும் சேர்ந்து ‘கெஃபலால்கியா’, அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் செஃபலால்ஜியா ஆனது. சிலர் ‘செஃபால்ஜியா’ என்று எழுதுவார்கள். ‘அல்’ என்ற அசை அடுத்தடுத்து இரண்டு முறை வருவதால் ஒன்று உதிர்ந்துபோன வடிவம் அது. சோழநாடு சோணாடு ஆன மாதிரி, வாய் பழகப் பழகச் சொல் சுருங்குகிறது. ஆக, நேர்ப்பொருள் ‘இதயத் தலைவலி’. 1997-இல் ரிச்சர்ட் லிப்டனும் அவருடன் பணிபுரிந்த மருத்துவர்களும் ஒரு நரம்பியல் இதழில் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டில் இன்றைக்கு 10.6 என்ற எண்ணில் இது தனி நோயாகவே இருக்கிறது.

இதயத் தசைக்குப் போகிற ரத்தம் குறையும்போது சிலருக்கு வலி நெஞ்சில் தெரியாமல் தலையில் தெரிகிறது. மாடிப்படி ஏறும்போது, வேகமாக நடக்கும்போது, பாரம் தூக்கும்போது வரும், உட்கார்ந்தால் போய்விடும். நெற்றியிலும் வரலாம், உச்சியிலும் வரலாம், பிடரியிலும் வரலாம், இடத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குமட்டலும் சேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் சர்க்கரை, பிரஷர், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு வருவது. அரிதான நோய்தான், தலைவலி என்றதும் எல்லோரும் இதயத்தைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் வந்தவருக்கு அரிது என்ற பேச்சால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

சித்தப்பாவுக்கு முதலில் வந்தது திருப்பரங்குன்றம் மலையில். மேலே காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் படி ஏறிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம். சரியாகிவிட்டது, எழுந்து ஏறிவிட்டார். அடுத்த தடவையும் அதேதான். வெயில் என்றோம், பித்தம் என்றோம், சித்தி சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டாள். மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரையை நாலு மாதம் விழுங்கினார். நெஞ்சு வலிக்குதா என்று யாருமே கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், ஏனென்றால் வலிக்கவில்லை.

கடைசியில் ஒரு டாக்டர்தான், தலைவலி எப்போது வருகிறது என்பதைவிட எப்போது போகிறது என்று கேட்டார். “உக்காந்தா போயிருதுங்கய்யா.” படுக்க வைத்து எடுத்த இ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. ட்ரெட்மில்லில் ஏற்றினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். வேகம் கூடக் கூட ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க இன்னொரு கை மெதுவாகப் பிடரிக்குப் போனது. “இந்தா வந்துருச்சுய்யா, பின்னாடியிருந்து ஏறுது” என்றார். அதே நேரம் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் தொய்ந்து கீழே இறங்கியது. நிறுத்தினார்கள், உட்கார வைத்தார்கள், வலியும் இறங்கியது, கோடும் மேலே வந்தது. இதய ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு.

ஏன் தலைக்குப் போகிறது? நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓடைகள் வந்து ஒரே கண்மாயில் விழுகின்றன, மடையில் நிற்பவனுக்குத் தண்ணீர் வருவது மட்டும்தான் தெரியும், எந்த ஓடைத் தண்ணீர் என்று தெரியாது. இதயத்திலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்பும், தலையிலிருந்தும் முகத்திலிருந்தும் சேதி கொண்டுவரும் நரம்பும் மூளைத்தண்டை ஒட்டி ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. மூளை ஓடையை மாற்றிக் கணக்கெழுதிவிடுகிறது. மாரடைப்பில் இடது கையும் தாடையும் வலிப்பதும் இதே மாதிரிதான். இது தவிர, இதயத்துக்குள் அழுத்தம் ஏறித் தலையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபடுவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இப்போது இன்னொரு சொல்: ‘இஸ்கீமியா’. ரத்தம் குறைவதற்கு ஃபைல்களில் எழுதுவது இதைத்தான். இதுவும் கிரேக்கம்: ‘இஸ்கைன்’ என்றால் தடுத்து நிறுத்துவது, ‘ஹைமா’ என்றால் ரத்தம். முதலில் இது நல்ல பொருளில் வழங்கிய சொல், காயத்தில் ரத்தத்தை நிறுத்தும் மருந்தைக் குறித்தது. பிறகுதான் போக வேண்டிய ரத்தம் போகாமல் நிற்கும் கேட்டைக் குறிக்கத் தொடங்கியது. இதை ‘ரத்தக்கட்டு’ என்று தமிழில் எழுதுகிறார்கள், அது தப்பு. அடிபட்டு வீங்கினால் அது ரத்தக்கட்டு. ‘குருதி ஊட்டக்குறை’ என்பது நல்ல சொல், எனக்குப் பிடித்தது. ஊட்டம் என்ற சொல்லிலேயே தசைக்குச் சோறு போகவில்லை என்பது வந்துவிடுகிறது.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். ‘வலி’ பழைய தமிழில் வலிமை. திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் வேதனையைப் பற்றியதல்ல, பலத்தைப் பற்றியது. வேதனைக்கு நோவு, நோய் என்றார்கள். இன்றைக்கு வலி அந்த இடத்துக்கு வந்துவிட்டது, யாழ்ப்பாணத்தில் தலையிடி என்பார்கள், நம்ம பக்கம் மண்டையிடி. தலைவலி என்றால் தலையில் வலி, ஏழாம் வேற்றுமைத் தொகை. ‘இதயத் தலைவலி’ என்று சேர்க்கும்போதுதான் சிக்கல், இதயத்தில் தலைவலியா, இதயத்தால் தலைவலியா? கேட்பவருக்குக் காதல் தோல்வி மாதிரிகூடப் படும். ‘மாரடைப்புத் தலைவலி’ என்று எழுதினால் அதைவிட மோசம், மாரடைப்பு வராமலே இந்த வலி வரும். மாரடைப்பு வருமுன் கண்டுபிடிக்கத்தானே இந்தப் பெயரே.

‘நெஞ்சுத் தலைவலி’ என்றும் வைக்கலாம், ஆனால் நெஞ்சு என்பது நமக்கு மார்பும்தான், மனசும்தான், தொண்டைக்குழியும்தான். சோறு சிக்கினால் நெஞ்சை அடைக்குது, புளிப்பேறினால் நெஞ்சு எரியுது. கிரேக்கத்திலும் இதே கதை, கார்டியா என்ற சொல் இரைப்பையின் வாய்க்கும் இருந்தது, உடற்கூறியலில் இன்றும் இருக்கிறது.

என் முடிவு ‘இதயவழித் தலைவலி’. நீர்வழி நோய் என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதே அச்சு. இதயத்தின் வழியாக வருவது என்பது தெளிவு, ‘த்’ போட்டு எழுத வேண்டும். பாடநூலுக்கு ‘இதய ஊட்டக்குறைத் தலைவலி’ என்று முழுசாக வைத்துக்கொள்ளலாம்.

பெயரில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், பெயர் மாறினால் மருந்து மாறிவிடும். ஒற்றைத் தலைவலி என்று எழுதிவிட்டால் அதற்குத் தரும் ‘ட்ரிப்டான்’ வகை மாத்திரைகள் ரத்தக்குழாயைச் சுருக்குபவை, ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கு அவை ஆபத்து. இன்னொன்று. நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வழக்கமாகத் தலைவலியைக் கொண்டுவரும், இதயவழித் தலைவலியில் அதே மாத்திரை வலியைத் தணித்துவிடும். அதற்காக வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், அது டாக்டர் சொல்லி வைக்க வேண்டிய மாத்திரை. திடீரென்று கடுமையான தலைவலியோடு வியர்த்துக் கொட்டி மூச்சு முட்டினால் 108-தான்.

1768-இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் நெஞ்சு நெரிப்பை முதன்முதலாக விவரித்தபோது, நடக்கையில், அதிலும் மேடு ஏறுகையில் பிடிக்கும், நின்றதும் விட்டுவிடும் என்றுதான் சொன்னார். ‘ஆஞ்சைனா’ என்ற அவர் சொல்லுக்கு மூலம் லத்தீனில் நெரிப்பது. பரங்குன்றத்துப் படியில் சித்தப்பாவுக்கு நடந்ததும் அதேதான், பிடித்த இடம் மட்டும் வேறு.

ஸ்டென்ட் வைத்தார்கள். ஃபைலின் முதல் பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன், வாய்விட்டு ஒருமுறை படித்தார். ஆனால் கேட்கிறவர்களிடம் அவர் சொல்வது வேறு: “ஏறுனா வரும்ப்பா, உக்காந்தா போகும், அந்தத் தலவலி.” மூட்டை தூக்குகிற ஆட்கள் ரெண்டு பேர் அதைக் கேட்டுவிட்டு இ.சி.ஜி. எடுக்கப் போயிருக்கிறார்கள்.